காசும் வெள்ளியும்: நாணயங்கள் கூறும் மொழி வரலாறு

கல்வெட்டு பொறித்த இடத்திலேயே நிற்கும். படிக்க விரும்புவோர் அதனைத் தேடிச் செல்லவேண்டும். நாணயமோ எழுத்தைச் சுமந்துகொண்டு மக்களைத் தேடி வரும். மொழியியல் பயின்ற நான் நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம். என் சேகரிப்பில் விலை மதிப்புடையவை மிகக் குறைவு. ஆயினும், மொழி வரலாற்றைக் கூறும் நான்கினை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, உண்மையில் ஒரு நிழற்படமே. மூல நாணயத்தை வாங்கும் வசதி எனக்கு என்றும் இருந்ததில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தக்காணத்தை ஆண்ட சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசு அது. ஒருபுறம் மன்னனின் தலையுருவும் பிராகிருத வாசகமும் உள்ளன. மறுபுறம் அதே செய்தி ஒரு திராவிட மொழியில் அமைந்துள்ளது. அதனைத் தமிழ் என்பாரும் தமிழுக்கு நெருங்கிய மொழி என்பாரும் உளர். எவ்வாறாயினும், பிராகிருதத்தின் ‘சிரி’ அங்கே ‘திரு’ ஆகின்றது. ‘மகன்’ என்னும் சொல்லும் ‘கு’ என்னும் வேற்றுமை உருபும் தெளிவாக நிற்கின்றன. தமிழரல்லாத மன்னர் இவ்வாறு பொறித்தது ஏன்? அக்காசைக் கையாண்டோருள் அம்மொழியினரும் இருந்தமையால் எனக் கருதுவதே பொருந்தும்.

இரண்டாவது, முதலாம் இராசராசனின் செப்புக்காசு. தமிழகத்திலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைப்பதால், மாணவப் பருவத்திலேயே இதனை வாங்க முடிந்தது. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் காணப்படும். அருகில் மன்னனின் பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைத் தமிழால் நிரப்பிய மன்னனின் காசில் தமிழெழுத்து இல்லையே என்று அன்று நான் ஏமாற்றமடைந்தேன். அக்கோயிற் கல்வெட்டுகளைப் பயின்றபின் அவ்வேமாற்றம் தணிந்தது. கோயிற்பணத்தைக் கடனாகப் பெற்றோர், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்தவேண்டும் என அவை கூறுகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி! அங்குக் குறிக்கப்படுவது பொற்காசு. ஆயினும் ஓர் உண்மை விளங்கிற்று: காசின்மேல் எவ்வெழுத்து இருந்தாலும், மக்கள் எண்ணியதும் கணக்கெழுதியதும் தமிழிலேயே.

மூன்றாவது, என் பாட்டியார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த பிரிட்டிஷ் வணிக டாலர். 1895 முதல் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் அச்சாகி, நம் நீரிணைக் குடியேற்றங்களிலும் புழங்கிய பெரிய வெள்ளி நாணயம் இது. இதில் ஆங்கிலமும் சீனமும் ஜாவி எழுத்தில் மலாயும் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் அதற்கு வழங்கிய பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சீனர் வழங்கிய ‘யுவான்’ என்னும் சொல்லுக்கு ‘வட்டம்’ என்பது பொருள். மலாய்க்காரர் வழங்கிய ‘ரிங்கிட்’, விளிம்பிலுள்ள பற்களைக் குறித்தது. தமிழரோ அதன் உலோகத்தைக் கண்டு ‘வெள்ளி’ என்றனர். ஒரே வகை நாணயத்தின் வடிவை ஒருவரும் விளிம்பை ஒருவரும் உலோகத்தை ஒருவரும் பெயராக்கியுள்ளனர். அந்நாணயத்தில் தமிழ் ஏறவில்லை. அந்நாணயம் தமிழில் ஏறியது. பாட்டியார் இறுதிவரை அதனை ‘வெள்ளி’ என்றே அழைத்தார்.

நான்காவது, சிங்கப்பூரின் பத்துக் காசு. 1967இல் வந்த முதல் வரிசை நாணயங்களில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில், சின்னத்தைச் சுற்றி நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அப்பெயர் இடம்பெற்றது. ஒருபுறம் மல்லிகை இனப் பூ. மறுபுறம் ‘சிங்கப்பூர்’ எனத் தமிழில். அது கைக்கு வந்த நாளில் அதனைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. 2013இல் வந்த மூன்றாம் வரிசையிலும் நான்கு மொழிகளும் தொடர்கின்றன.

அன்று காசில் தமிழ் இல்லை, நாவில் இருந்தது. இன்று காசில் தமிழ் உண்டு. நாவிலோ ‘டாலர்’, ‘சென்ட்’ என்னும் சொற்களே முந்துகின்றன. கைப்பேசியைக் காட்டிப் பொருள் வாங்கும் பிள்ளைகள் நாணயத்தைத் தொடுவதே அரிதாகிவிட்டது. 2002இல் ஒரு காசு நாணயத்தின் வெளியீடும் நின்றது.

நாணயம் மறைவதை நாம் தடுக்க இயலாது. இராசராசனின் காசு மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் ‘காசு’ என்னும் சொல் கடல் கடந்து நம் பத்துக் காசிலும் வாழ்கின்றது. ஆசிரியப் பெருமக்களே, அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு பத்துக் காசைக் கையில் கொடுத்து, அதிலுள்ள தமிழைத் தேடிப் படிக்கச் செய்யுங்கள். பின்னர் அதன் மதிப்பைக் கேளுங்கள். ‘பத்துக் காசு’ என்னும் விடை வருமாயின், அச்சொல் இன்னொரு தலைமுறைக்குச் சென்று சேர்ந்துவிட்டது என்று பொருள்.