கன்னாபிடியால்

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பெறுவதும், போதை விளைவிக்காததும், பிற மருந்துகளுக்கு அடங்காத சிலவகைக் காக்காய் வலிப்புகளுக்கு ஔஷதமாக வழங்குவதுமான இரசாயனப் பொருள் கன்னாபிடியால் ஆகும்.

இதன் பூர்வ சரித்திரம் கல்கத்தாவைச் சார்ந்தது. அந்நகர மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானசி, கஞ்சாவை முதலில் விலங்குகளிடத்தும் பின்னர் நோயாளரிடத்தும் சோதித்து, 1839-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பிறந்து 40 நாளே ஆன பெண் மகவொன்று ஓயாத வலிப்பால் துன்புற்றபோது, கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய கரைசலை அவர் அதன் நாவில் ஒரு சொட்டு விட்டார். அதனால் பயன் விளையாமற் போகவே, அளவைப் படிப்படியாக உயர்த்தி நோயைத் தணித்தார். ஆயினும், இலையின் வீரியம் விளைநிலத்துக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப வேறுபட்டமையால், ஒரு புட்டியின் அளவை மறு புட்டிக்குக் கொள்ள இயலாதிருந்தது. அளவு திட்டமான பீனோபார்பிட்டால் 1912-இலும் பெனிட்டாயின் 1938-இலும் வலிப்புச் சிகிச்சைக்கு வந்தபின் கஞ்சா பின்தள்ளப்பட்டது இயல்பே.

அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் 1940-இல் கன்னாபிடியாலைப் பிரித்தெடுத்தார். இஸ்ரேலில் ராஃபேல் மெக்கூலம் 1963-இல் அதன் மூலக்கூற்றுக் கட்டமைப்பைத் தெளிவுபடுத்தினார். பிரேசிலில் 1980-இல் வெளியான சோதனையில், இதனை உட்கொண்ட நோயாளர் எண்மருள் நால்வர் வலிப்பிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் விடுபட்டனர். மூவர் ஓரளவு குணமுற்றனர். எண்மர் என்பது சிறு தொகையே. எனினும், உடனே பெரிய சோதனைகளைத் தொடங்கப் போதிய காரணமாயிருந்த இம்முடிவு, முப்பதாண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தமை வைத்திய உலகம் வருந்தத்தக்க செய்தியாகும்.

பிறந்த முதலாண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு தோன்றி, அறிவு வளர்ச்சியையும் குலைக்கும் டிராவே நோய்க்குறி உடைய 120 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், மாத வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை கன்னாபிடியால் பெற்றோரிடம் 12.4-இலிருந்து 5.9 ஆகக் குறைய, போலி மருந்து பெற்றோரிடம் 14.9-இலிருந்து 14.1 ஆக மட்டுமே குறைந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய இருவகை வலிப்பு நோய்க்கும் இதனை அங்கீகரித்தது. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் நல்லெண்ணெயில் கரைத்து, குழந்தைகளுக்காக ஸ்ட்ராபெரி மணமூட்டிய திரவம் இது. உறக்கமும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். கல்லீரல் நொதிகள் உயரக்கூடுமாதலின் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. குளோபசாம் என்னும் வலிப்பு மருந்தை உடன் உண்போரிடம் அதன் வளர்சிதைப் பொருளை இரத்தத்தில் இது பெருக்குவதால், மருத்துவர் அம்மருந்தின் அளவைக் குறைக்க நேர்வதுண்டு.