தார்க்கலவைச் சூடுகாப்புப் பெட்டி

பிளாண்ட்டில் ஜல்லியும் தாரும் சேர்த்துச் சூடாகக் கலந்த கலவையை, சாலைப் பள்ளத்தில் கொட்டி இறுக்கும் வரை ஆறவிடாமல் வைத்திருக்கும் மூடுகலனே தார்க்கலவைச் சூடுகாப்புப் பெட்டி. மேலைநாட்டுச் சாலைக் குழுக்கள் இதை ஹாட் பாக்ஸ் என்கின்றன. நம் வீடுகளில் இட்லி ஆறாமல் வைக்கும் பாத்திரத்துக்கும் அதே பெயர்தான். சாலைப் பெட்டியில் கூடுதலாக ஒரு பர்னரோ மின்சுருளோ இருந்து, இழந்த சூட்டை ஈடுகட்டும். (தார் என்பது வழக்குச் சொல். இன்று சாலைக்குப் போடுவது நிலக்கரித் தார் அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் அடியில் தங்கும் பிட்டுமன்.) இப்பெட்டியை வாங்கப் போகிறவருக்கு ‘எத்தனை டன் கொள்ளும்?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. காரைக்குடி வட்டாரத்துச் சாலைகளை முன்வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டியது வேறு: காலையில் முதல் பள்ளத்துக்குக் கிடைத்த சூடு, மாலையில் கடைசிப் பள்ளத்துக்கும் கிடைக்குமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணி விவரக்குறிப்பு, பரவலாகப் புழங்கும் விஜி-30 தாருக்கு வெப்ப அளவுகளை வகுத்திருக்கிறது. கலவை பிளாண்ட்டில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது. ரோலர் ஓடி முடிக்கும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. சூடு இறங்கினால் தார் விறைத்துக்கொள்ளும். ஜல்லி ஒன்றன்மேல் ஒன்று நழுவி இடம்பிடிக்காது. பள்ளத்தை அடைத்து மேலே வழவழப்பாகத் தெரியும் ஒட்டுக்குள் காற்றிடைவெளி தங்கிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அதற்குள் இறங்கும். அதன் மேல் லாரிச் சக்கரம் ஏறியதும் ஒட்டு பாளம் பாளமாகப் பெயரும். புதுச்சாலை போடும் இயந்திரம் ஒரு டிப்பர் கலவையைச் சில நிமிடங்களில் விழுங்கிவிடும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. ஒட்டுக் குழுவின் நிலை அப்படி இல்லை. பள்ளத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, குப்பையும் ஈரமும் போகத் துடைத்து, பசைத்தார் தெளித்து, கலவையை நிரப்பி இறுக்க வேண்டும். ஒரு பள்ளத்துக்குக் கால்மணி நேரமாவது ஆகும். அதற்குள் தார்ப்பாய் போர்த்திய டிப்பரின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் கலவை தோல் கட்டிவிடும். மண்வெட்டியால் கொத்தி எடுத்த கட்டிகளும் சூடான கலவையோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போகும்.

கொள்ளளவை இந்த வேகத்திலிருந்தே கணக்கிட வேண்டும். 60 செ.மீ. நீள அகலமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளத்துக்கு இறுகிய நிலையில் ஏறத்தாழ 41 கிலோ கலவை பிடிக்கும். ஒரு நாளில் 25 முதல் 30 பள்ளம் அடைக்கும் குழுவுக்கு, சேதாரமும் சேர்த்து ஒன்றரை டன் போதும். இரண்டு டன் பெட்டி தாராளம். நான்கு டன் பெட்டி வாங்கினால் மிச்சக் கலவையை இரவு முழுக்கச் சூடாக்கிக் கெடுக்க நேரும்.

செட்டிநாட்டில் இதன் தேவை மழையோடு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்க் கரையோரச் சாலைகளின் அடியிலுள்ள செம்மண் ஊறி இளகும். அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயல் பக்கம் மூட்டை ஏற்றிய லாரிகள் ஓய்வதில்லை. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியிலோ பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்கள் அமுங்கிப் பள்ளமாகின்றன. பள்ளம் மிகுதியாக விழும் இதே மாதங்களில்தான் தார்ப்பணி குறைந்து பிளாண்ட்டுகள் விட்டுவிட்டு ஓடுகின்றன. மணிக்குப் பல டன் கலக்கும் பிளாண்ட்டை ஒன்றரை டன்னுக்காக யாரும் பற்றவைக்கமாட்டார்கள். நெடுஞ்சாலைத்துறை 2023-இல் கொண்டுவந்த ‘நம்ம சாலை’ செயலி, மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை 24 மணி நேரத்தில் அடைப்பதாக உறுதி சொல்கிறது. மழை விட்ட ஒரு பகலைத் தவறவிடாமல் தேவகோட்டைக்கும் கானாடுகாத்தானுக்கும் கலவையைக் கொண்டுபோக, பிளாண்ட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சூடு தங்கும் ஓர் இடம் வேண்டும்.

தேர்வில் முதன்மையானது, சூடு கலவையை எப்படிச் சென்றடைகிறது என்பது. தகட்டுக்கு அடியில் நேராகத் தீ எரியும் பெட்டி விலை குறைவு. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அடிக்கலவை கருகும்போதும் நடுக்கலவை ஆறிக்கிடக்கும். தாரின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 220 டிகிரி என்று இந்தியத் தரநிலை சொல்வதால், கட்டுப்பாடற்ற தீ ஆபத்தும்கூட. இரட்டைச் சுவருக்கு நடுவே சூடான எண்ணெயோ காற்றோ சுற்றிவரும் பெட்டியும், தானே அணைந்து தானே எரியும் தெர்மோஸ்டாட்டும் தேவை. இறுக்கமான மூடி அதே அளவு முக்கியம். தொட்டியில் மொத்தமாகக் கிடக்கும் தார் பல நாள் தாங்கும். கலவையில் அது ஜல்லி மேல் மெல்லிய படலமாக இருப்பதால் காற்றுப்பட்டு விரைவில் முதுமையடைகிறது. கலந்து விரிக்கும் காலத்தில் தார் அடையும் முதுமையை ஆய்வகத்தில் காட்ட, 163 டிகிரியில் 85 நிமிடம் மெல்லிய படலமாகச் சுழற்றினாலே போதும். மூடி சரியில்லாத பெட்டியில் ஓரிரவு கிடந்த கலவை என்னவாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நீலப்புகை கிளம்பினாலோ, பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் ஆனாலோ அந்தக் கலவை தீர்ந்தது.

‘நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் ஊருக்கு இது எதற்கு?’ என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். 150 டிகிரிக் கலவைக்கும் 40 டிகிரிக் காற்றுக்கும் உள்ள இடைவெளி 110. பனி உறையும் நாட்டில் அது 150. ஆறும் வேகம் கால்பங்குக்குச் சற்று மேல் குறையும், அவ்வளவே. ‘ஆறினால் திரும்பச் சூடாக்கலாமே’ என்பது அடுத்தது. ஒரு டன் கலவையை 50 டிகிரி ஏற்ற, வீணாவதையும் கணக்கில் கொண்டால் இரண்டு மூன்று லிட்டர் டீசல் போதும். ஆனால் கலவை சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். நடுப்பகுதி இளகுவதற்குள் ஓரம் வெந்துவிடும். எனவே சூட்டைத் தக்கவைப்பதே வழி.

வலுவான மறுப்பு குளிர்க்கலவைக்காரர்களுடையது. சூடாக்கத் தேவையில்லாத அக்கலவையை மூட்டையில் வாங்கி, மழையிலும் கொட்டலாம். இந்தியச் சாலைகள் காங்கிரசின் ஐஆர்சி 116, அதற்கென்றே 2014-இல் வந்த விவரக்குறிப்பு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1991-இல் தொடங்கிய ஆய்வொன்று, 8 இடங்களில் 1,250 ஒட்டுகளைக் கண்காணித்தது; பொருள் தரமானதாக இருந்தால் கொட்டிச் சக்கரம் ஏற்றிய ஒட்டும், வெட்டிச் செதுக்கிப் போட்ட ஒட்டுக்கு ஈடாக நிற்கிறது என்று கண்டது. இதை ஏற்கத்தான் வேண்டும். தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு வேறு மருந்து இல்லை. ஆயினும் குளிர்க்கலவையில் தாரை இளக்கச் சேர்த்த கரைப்பான் ஆவியாகிப் போகும் வரை வலு முழுதாக வராது. பார லாரி பிரேக் பிடித்துத் திரும்பும் முனையில் அது பிதுங்குகிறது. முதலுதவிக்கு மூட்டை, நிலைத்த ஒட்டுக்குப் பெட்டி என்று பிரித்துக்கொள்வதே சரி. விலையைத் தனியே தாங்க முடியாத ஊராட்சி ஒன்றியங்கள், மாநகராட்சியோடு சேர்ந்து ஒரே பெட்டியை முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது இன்னொன்று: கலவை வெளிவரும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. காலில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு டிப்பர் மேல் ஏறி மண்வெட்டியால் தள்ளும் பணியாளரின் தோலில் 150 டிகிரித் தார் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது. ஒட்டியபடியே குளிர்ந்த நீரில் வைத்து மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். இடுப்புக்குக் கீழே சரிவாகத் திறக்கும் கதவு இருந்தால், நின்ற இடத்திலேயே தள்ளுவண்டியில் பிடிக்கலாம். அந்த வாயருகே கம்பி வெப்பமானி ஒன்று தொங்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் படிக்கும் துப்பாக்கி வடிவக் கை வெப்பமானி இங்கே போதாது. கம்பியைக் கலவைக்குள் ஒரு சாண் செருகி, 140 காட்டினால் மட்டுமே கதவைத் திறப்பது முறை.