பிரட்டுக்களப் பெயரும் பதிவேட்டுப் பெயரும்: இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமை விசாரணைகளும் அவற்றுக்கான ஆயத்தமும் (1949 – 1964)

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை விடுதலை பெற்றதை அடுத்து இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்கள், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரை விண்ணப்பதாரர்களாக மாற்றின. விண்ணப்பித்தோருள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே குடியுரிமை கிட்டியது. இதற்கான காரணங்கள் பெரும்பாலும் அரசியல் நோக்கிலேயே பேசப்பட்டு வந்துள்ளன. விசாரணைக்கு ஆயத்தமாவதற்கு ஒரு தொழிலாளர் எவற்றைத் திரட்ட வேண்டியிருந்தது, அவை யாருடைய கையில் இருந்தன என்னும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. உழைப்பை எண்ணுவதற்காகத் தோட்டம் வைத்திருந்த ஏடுகளுக்கும், வாழ்வை மெய்ப்பிக்கச் சட்டம் கேட்ட சான்றுகளுக்கும் இடையிலிருந்த இடைவெளியே பலரது விண்ணப்பங்களைத் தோல்வியுறச் செய்தது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: மலையகத் தமிழர், குடியுரிமைச் சட்டம், நாடற்றோர், தோட்டப் பதிவேடு, விசாரணை.

முன்னுரை

மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடும் இடம் பிரட்டுக்களம் எனப்பட்டது. அங்கே அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் வேலையை நிறைவு செய்தவருக்கு ஒரு ‘பேர்’ விழும். பாதி வேலைக்கு ‘அரைப்பேர்’. ஒருவரின் பெயர் ஏட்டில் ஏறுவதே அவரது கூலியாக இருந்தமையால், பெயர் என்னும் சொல்லே மலையக வழக்கில் கூலியைக் குறிக்கலாயிற்று. அதே மனிதர் 1949க்குப் பின் இன்னொரு ஏட்டில் தம் பெயரைச் சேர்க்க முயன்றபோது, பிரட்டுக்களத்தில் ஆண்டாண்டாக விழுந்த பெயர்கள் அவருக்கு எந்த அளவுக்குத் துணைநின்றன? இவ்வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது குடியுரிமையை வம்சாவளி, பதிவு என இரு வகையாகப் பிரித்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெற, அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல்தான் தொடங்கியது, கட்டாயமானது 1897இல். ஆகவே, இலங்கையிலேயே பிறந்த தந்தையைக் கொண்டிருந்தோர்கூட அதனைத் தாளில் காட்ட இயலாத நிலை இருந்தது. இவ்வழி அடைபட்ட மலையகத் தமிழருக்கு எஞ்சியது பதிவு வழியே. அதற்கெனத் தனியாக இயற்றப்பட்டது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமாகும்.

சட்டம் கேட்டவை

இச்சட்டம் 1949 ஆகஸ்டு 5 அன்று நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை இரண்டாண்டுக் காலம் அளிக்கப்பட்டது. 1946 ஜனவரி 1க்கு முன்பாக மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவரும் துணையை இழந்தவரும் மணமுறிவு பெற்றவரும் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வாழ்வு தொடர்ந்திருக்கவும் வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. போதிய வருமானம் அல்லது முறையான வாழ்வாதாரம் உண்டு என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. ஆண் விண்ணப்பதாரரின் மனைவியும் வயதடையாப் பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதும், பதிவு பெற்றவுடன் பிற நாட்டு உரிமைகள் அனைத்தும் நீங்கும் என்பதை விண்ணப்பதாரர் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும் என்பதும் ஏனைய நிபந்தனைகள்.

தாளில் இவை மிகையானவையாகத் தோன்றா. தேயிலைத் தோட்டத்தின் இயல்பும் இவற்றுக்குச் சாதகமானதே. காப்பிக் காலத்தில் தொழிலாளர் அறுவடைப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பினர். காப்பி அழிந்து தேயிலை பரவிய பின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் தோட்டங்களிலேயே நிலைகொண்டன. 1939இல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்தமையும் இந்நிலைகொள்ளலை உறுதிப்படுத்தியது. உண்மையில் தொடர்ச்சியாக வாழ்ந்தோரே மிகுதி. சிக்கல், அவ்வாழ்வை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது என்பதில் இருந்தது.

தோட்டம் வைத்திருந்த ஏடுகள்

தோட்ட நிர்வாகத்தின் முதன்மை ஏடு செக்ரோல் எனப்பட்ட வேலைப்பதிவேடு. யார் எந்நாளில் வேலை செய்தார், எவ்வளவு கூலி, எவ்வளவு பற்று என்பவையே அதன் உள்ளடக்கம். அது உழைப்பின் கணக்கு. வேலை செய்யாத நாள் அவ்வேட்டில் வெற்றிடமாகும். நோயுற்ற மாதமும், பிள்ளைப்பேற்றுக் காலமும், வேறு தோட்டத்துக்கு மாறிய இடைக்காலமும், இந்தியாவுக்குச் சென்றிருந்த காலமும் வெற்றிடமாகவே தோன்றும். அவற்றை வேறுபடுத்தும் சொல் அவ்வேட்டில் இல்லை. எனவே, விண்ணப்பதாரருக்கு மிக வலுவான சான்றாகிய செக்ரோலே அவருக்கு எதிரான ஐயத்தையும் எழுப்பக்கூடியதாயிற்று.

பெயர்களின் நிலையும் இத்தகையதே. தொழிலாளர் ஒற்றைப் பெயரால் அறியப்பட்டனர். முத்துசாமி என்றும் ராமாயி என்றும் பெயர் கொண்டோர் ஒரே லயத்தில் பலர் இருப்பது இயல்பு. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்த கணக்கப்பிள்ளைகள் ஒரே பெயரைப் பலவாறு எழுதினர். கூலி கொடுப்பதற்கு இது தடையன்று. ஆளை அறிந்த கங்காணி அருகிலேயே நின்றார். ஆனால், விசாரணை அலுவலர் முன் பிறப்புச் சான்றிலுள்ள பெயரும் செக்ரோலிலுள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிறுவும் சுமை விண்ணப்பதாரர் தலையில் விழுந்தது.

குடும்பத்தைப் பற்றிய சான்றுகள் இன்னும் மெலிந்தவை. உறவினர் முன்னிலையில் தாலி கட்டி நிகழ்ந்த திருமணங்கள் பல அரசுப் பதிவில் ஏறவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும், பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கும் வழக்கமும் தமிழ்க் குடும்பங்களில் இயல்பானவை. தாய்வீடு தமிழகத்தில் இருந்தால், அவ்வழக்கமே மனைவி, மக்களின் வதிவுத் தொடர்ச்சியைக் குலைக்கும் செய்தியாகச் சட்டத்தின் கண்ணில் படக்கூடும். உறவைப் பேணியதே பற்றின்மைக்குச் சான்றாகும் முரண் இங்கே எழுகிறது.

விண்ணப்பத்துக்கான ஆயத்தம்

விண்ணப்பம் குறித்த படிவத்தில், சத்தியக் கடதாசி எனப்பட்ட உறுதிமொழி ஆவணத்துடன் அளிக்கப்பட வேண்டியிருந்தது. எழுத்தறிவு குறைந்த தொழிலாளருக்கு இதற்கே பிறரது துணை தேவைப்பட்டது. சான்றுகளோ தோட்ட அலுவலகத்தில், துரையின் பொறுப்பில் இருந்தன. அலுவலகத்துக்கும் நகரத்துக்கும் நடந்த ஒவ்வொரு நாளும் ஒரு ‘பேர்’ இழந்த நாளே. குடியுரிமைக்கான ஆயத்தம், இவ்வாறு, தொழிலாளரை அவருடைய முதலாளியின் ஏட்டையே நம்பியிருக்கச் செய்தது.

அரசியல் தலைமையின் நிலைப்பாடும் காலத்தைக் குறுக்கியது. சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்க மறுத்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் பதிவைப் புறக்கணித்தது. பின்னரே விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. இதனால் விண்ணப்பங்கள் இறுதிக் கட்டத்தில் பெருகிக் குவிந்தன. புறக்கணிப்பு கொள்கை அளவில் விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும், ஆவணம் திரட்டுவதற்கு மிகுந்த காலம் வேண்டியிருந்த மக்களுக்கே அக்காலம் குறைந்துபோனதை வரலாறு மறைக்க இயலாது. காலவரையறை முடிந்தபோது 2,37,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவை ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கியிருந்தன. மக்கள் இலங்கையில் நிலைத்து வாழ விரும்பவில்லை என்ற கூற்றுக்கு இவ்வெண்ணிக்கையே மறுப்பாகும்.

விசாரணையும் அதன் விளைவும்

விண்ணப்பம் ஆணையாளரிடமிருந்து விசாரணை அலுவலரின் சரிபார்ப்புக்குச் சென்றது. முதல்நோக்கில் தகுதி புலப்படாதவிடத்து, ஏன் மறுக்கலாகாது என்று காரணம் காட்டும்படி அறிவித்தல் அனுப்பப்பட்டது. தகுதி புலப்பட்டவிடத்தும் பிறர் ஆட்சேபிக்க வாய்ப்பளிக்கப்பட்டது. இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமையும் இருந்தது. வடிவ அளவில் இது நேர்மையான நடைமுறையே. ஆயினும், அறிவித்தலுக்கு உரிய காலத்தில் விடையளிக்கவும், வழக்கறிஞரை அமர்த்தவும், கொழும்புவரை செல்லவும் வசதியுள்ளோரே அந்நேர்மையின் பயனை முழுமையாகப் பெற முடிந்தது.

இதனிடையே, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்தது. விசாரணை முடியும்வரை காத்திருந்தோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கினர். 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952 தேர்தலில் ஓர் உறுப்பினரையும் அனுப்ப இயலவில்லை. அவ்வாண்டில் அவ்வமைப்பு நடத்திய சத்தியாகிரகமும் நிலையை மாற்றவில்லை. குடியுரிமையின் வரையறையை வகுப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணியே என 1953இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தமையால் நீதிமன்ற வழியும் அடைபட்டது.

விசாரணைகள் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தன. முடிவில் சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். மறுக்கப்பட்டோர் இந்தியரே என்பது இலங்கையின் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பின்படி தாமாகப் பதிவு செய்துகொண்டோரே இந்தியர் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. 1954 ஜனவரியின் நேரு – கொத்தலாவல உடன்படிக்கை பதிவுப் பணியை விரைவுபடுத்த முனைந்ததேயன்றி இம்முரணைத் தீர்க்கவில்லை. இரு ஏடுகளிலும் இடம்பெறாத மக்கள் ‘நாடற்றோர்’ ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிற்பாடு தீர்மானிக்க விட்டது. தனித்தனியாக விசாரிக்கப்பட்ட வாழ்க்கைகள் விகிதாசாரத்தால் பகுக்கப்பட்டன.

விசாரணையற்ற குடியுரிமை

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வதியும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களே என அது ஏற்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோருக்கும் ஒரு பிரகடனத்தின் வழியே குடியுரிமை கிட்டியது. அரைநூற்றாண்டுக்கு முன் நீண்ட விசாரணையால் ஐயுறப்பட்ட அதே வாழ்வு, இப்போது தொடக்கத்திலேயே உண்மையென ஏற்றுக்கொள்ளப்பட்டது. காலமும் அரசியல் சூழலும் மாறியிருந்தன என்பது மெய்யே. ஆனால், 1949இன் நிபந்தனைகள் நிருவாகத்துக்குத் தவிர்க்கவியலாதவை என்ற வாதத்தை இம்மாற்றம் பெரிதும் தளர்த்துகிறது.

முடிவுரை

மலையகத் தமிழரின் குடியுரிமை இழப்பு சட்டத்தின் சொற்களில் மட்டும் நிகழவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை யார்மேல் வைப்பது என்ற தெரிவிலும் நிகழ்ந்தது. தொழிலாளரின் வாழ்வை ஆவணப்படுத்தும் அதிகாரம் தோட்டத்திடமும் அரசிடமும் இருந்தது. ஆவணமின்மைக்கான தண்டனை தொழிலாளருக்குக் கிடைத்தது. ஆதலால், இவ்வரலாற்றை எழுதுவோர் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைத் தகுதியின்மையின் கணக்காகக் கொள்ளலாகாது. அவை சான்றின்மையின் கணக்காகவும் வாசிக்கப்பட வேண்டும். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள செக்ரோல்களையும், குடும்பங்கள் பெட்டிகளில் காத்துவரும் விண்ணப்பப் படிகளையும் அறிவித்தல்களையும் தொகுத்து ஒப்புநோக்குவது இத்துறையில் இனிச் செய்யவேண்டிய பணியாகும். கூலிக்காக எழுதப்பட்ட அவ்வேடுகளில், அம்மக்கள் அந்நாட்டில் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் பெயராகப் பதிவாகியிருக்கிறது.