கடல்மேல் ஒரு தெரு, ஏரிக்கரையில் ஓர் ஊர்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ சாலையை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கின்றன சீனக் குலத்தாரின் ஜெட்டிகள், அதாவது கால்கள்மேல் நிற்கும் வீடுகள் கொண்ட துறைகள். தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கமோ ஏரியைச் சுற்றி வளர்ந்த ஊர். ஒன்றில் உப்புநீர், மற்றதில் மழைநீர். ஆனாலும் பருவம் மாறும்போது இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே: இந்த முறை தண்ணீர் எதுவரை ஏறும்? அந்தக் கேள்விக்கு ஊரார் எப்படித் தயாராகிறார்கள் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ அமைந்தது. ஃபுஜியானிலிருந்து வந்த படகுக்காரர்களும் சுமைதூக்கிகளும் அதன் ஓரத்தில் குலம் குலமாகத் துறை கட்டிக் குடியேறினார்கள். சியூ, லிம், டான், லீ என்று குலப்பெயரே துறையின் பெயரானது. சியூ ஜெட்டியில் இன்றும் சுமார் 75 வீடுகள் உள்ளன. அங்கே நாள்காட்டி நிலவைப் பின்பற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயரும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஜேட் பேரரசர் பிறந்தநாள். ஃபுஜியான் வழிவந்த இந்த ஹொக்கியன் மக்களுக்கு அதுவே பெரிய நாள். முந்தின இரவு கரும்பும் படையலுமாக நீண்ட மேசைகள் நிறையும். சிட்லபாக்கத்தின் நாள்காட்டியை எழுதுவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியும் கார்த்திகையும் தாண்டினால்தான் ஊர் மூச்சுவிடும்.

பராமரிப்புக்கு வருவோம். ஜெட்டி வீட்டின் உயிர் அதன் கால்களில் இருக்கிறது. சேற்றுக்குள் காற்றுப் படாமல் புதைந்த மரம் பல காலம் தாங்கும். ஓதத்தில் நனைந்து, வற்றத்தில் காயும் நடுப்பகுதிதான் முதலில் கெடும். அங்கே கொட்டலசு ஒட்டும், கப்பல்புழு துளைக்கும். அதனால் நீர் வற்றும் நேரம் பார்த்துக் கீழே இறங்கி, இற்றுப்போன காலுக்குப் பதில் வேறு கால் நிறுத்துகிறார்கள். பழைய மரக்கால்கள் பலவற்றின் இடத்தில் இப்போது கான்கிரீட் கால்கள் நிற்கின்றன. தள்ளிப்போட்டால் ஆடுவது தன் வீட்டுத் தரை என்பதால் யாரும் சொல்லாமலே வேலை நடக்கிறது.

ஏரிக்கரையில் அந்த உடனடித் தண்டனை இல்லை. ஏரியின் வரத்துக்கால்வாயில் ஒரு தெரு கொட்டும் குப்பையும் கட்டட இடிபாடும் அடைத்து நிற்கும். வெள்ளம் புகுவது இன்னொரு தெருவில். ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி 50 ஏக்கருக்கும் கீழே சுருங்கியதும் ஆக்கிரமிப்பால் இப்படிச் சிறிது சிறிதாகத்தான். 2015 வெள்ளம் அதன் விலையை வசூலித்தது. 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்கு அலைந்தபோது, சிட்லபாக்கம் ரைசிங் அமைப்பினரும் ஊர்மக்களும் வறண்ட ஏரியில் இறங்கிக் குப்பையையும் சீமைக்கருவேலத்தையும் அகற்றினார்கள். அந்த ஆண்டே அரசு சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த மக்கள் முயற்சிக்கு நிறைந்த மரியாதை உரியது. ஆனால் அது நெருக்கடி வந்தபின் பிறந்த முயற்சி. ஜெட்டியில் அதே உழைப்பு வாடிக்கையான வேலை.

உரிமையில் நிலைமை தலைகீழ். ஏரிக்கரை வீட்டுக்காரர் பலரிடம் பட்டா இருக்கிறது. ஜெட்டிவாசிகள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை நம்பியே வாழ்கிறார்கள். 2006இல் கோய் ஜெட்டியும் பெங் ஆன் ஜெட்டியும் இடிக்கப்பட்டன. இரண்டே ஆண்டில், 2008 ஜூலையில், ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. எஞ்சிய ஜெட்டிகளுக்கு அதனால் பாதுகாப்பு வந்தது. கூடவே சுற்றுலாக் கூட்டமும் வந்தது. தலைமுறைகளாகத் தாங்களே தாங்கிநிறுத்திய வீட்டில் நிலையான உரிமையின்றி இருப்பது அநீதி. பட்டா இருந்தால் அக்கறை தானாக வந்துவிடும் என்பதையும் சிட்லபாக்கம் பொய்யாக்குகிறது.

ஒரு குறை இரண்டுக்கும் பொது: கழிவுநீர். ஜெட்டி வீடுகளின் கழிவு நெடுங்காலம் நேரே கடலில் விழுந்தது. சிட்லபாக்கத்தில் மழைநீர்க் கால்வாய் வழியே சாக்கடை ஏரிக்குள் புகுந்தது. ஏரியின் உபரிநீரோ செம்பாக்கம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் நோக்கிப் போகிறது; அழுக்கும் அதனோடு போகும். தன் வீட்டைத் தானே காக்கும் ஒழுக்கம் இங்கே போதாது. குழாய் பதிப்பதும் சுத்திகரிப்பதும் நகராட்சியின் கடமை.

ஆகவே ஒன்றிடமிருந்து மற்றது பெற வேண்டியது தெளிவு. ஜெட்டிகளுக்கு ஆண்டுக் கணக்கில் நீளும் உரிமம் போதாது. தலைமுறைக்கு நிற்கும் குடியிருப்பு உரிமை வேண்டும். சிட்லபாக்கத்துக்கு, 2021இல் அதைச் சேர்த்துக்கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஒவ்வொரு தெருவுக்கும் அதன் கால்வாய்ப் பகுதியைக் குறித்துக் கொடுத்து, ஆவணி முடிவதற்குள் தூர் வாரியதை ஊரார் முன்னிலையில் சரிபார்க்கும் முறை வேண்டும். தெரு தன் பங்கைக் கண்ணால் பார்க்கும்போதுதான், ஜெட்டிக்காரர் தன் வீட்டுக் காலைப் பார்ப்பதுபோல், அந்தக் கால்வாயையும் பார்க்கும்.