மலைக் கருப்பட்டியும் வாவிக்கரை வட்டிலப்பமும்

கரும்புச் சாற்றிலிருந்து வெள்ளைச் சீனியைப் பிரித்தெடுத்த பின் ஆலையில் மிஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஜெர்மானியரின் வீடுகளில் சுடப்படும் ஷூஃப்ளை பை அந்தப் பாகில் பிறந்தது. இங்கிலாந்தின் ட்ரீக்கிள் டார்ட்டும் சீனி சுத்திகரிப்பு ஒதுக்கித் தந்த பாகையே நம்பியிருந்தது. சீனியும் கசடும் பிரிந்த இடங்களில் கசடு மலிவாகி, எளிய குடும்பங்களின் பண்டமாயிற்று. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் அந்தப் பிரிவினை நெடுங்காலம் நிகழவில்லை. கித்துள் பனையின் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் கருப்பட்டியில் இனிப்பும் கருமையும் ஒரே கட்டியாக நிற்கின்றன. ஆகவே அந்தப் பைகளுக்கு இங்கே இணையாக வைக்கத்தக்கது காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெருநாள் தோறும் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கப்படும் வட்டிலப்பம். அது மலாய்க்காரர் கொண்டுவந்த பண்டம் என்பது பரவலான விளக்கம். அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதும், வாவிக்கரையில் வட்டிலப்பம் வேரூன்றியதற்கு மலைக்கும் கடலுக்கும் இடையே முஸ்லிம்கள் நடத்திய பழைய வணிகமே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதற் சான்று நிலமே. வட்டிலப்பத்துக்கு வேண்டிய தேங்காய் வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் மணலில் தாராளமாக விளைகிறது. முட்டைக்கும் குறைவில்லை. ஆனால் அதற்கு நிறமும் புகைமணமும் தரும் கித்துள் மரம் மழை மிகுந்த மலைநாட்டுக்கும் அதன் அடிவாரத்துக்கும் உரியது. உலர்வலயக் கரையோரம் அதற்கு ஏற்ற இடமல்ல. எனவே இந்தப் பண்டத்தின் உயிர்ச்சரக்கு ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், கித்துள் சாற்றைக் காய்ச்சிப் பழுப்பு நிறச் சர்க்கரை செய்யும் வழக்கத்தை விவரிக்கிறார். அதே இராச்சியத்துக்கு மட்டக்களப்பு கடல்வாசலாக இருந்தது. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இங்கே கரையிறங்கித்தான் கண்டி மன்னனைக் காணச் சென்றார். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களில் இடம்பெறும் செய்தி. கண்டி நாட்டில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கிருந்தது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலையேறின. திரும்பும் மாடுகள் வெறும் முதுகோடு இறங்கியிருக்க மாட்டா. எளிதில் கெடாத, எடைக்கு நல்ல விலை போகும் கருப்பட்டி அந்தப் பொதிகளில் இருந்தது என்று கருதுவதே பொருத்தமானது.

மலாய்த் தோற்றத்தை முன்வைப்போரின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தேங்காய்ப்பால், முட்டை, பனையினச் சர்க்கரை மூன்றையும் சேர்த்து அவிக்கும் ஸ்ரீகாயா மலாய் உலகம் முழுவதும் அறியப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்த மலாய்க்காரர் அந்தக் கைப்பக்குவத்தோடு வந்தார்கள் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அவர்களின் முதன்மைக் குடியிருப்புகள் கொழும்பின் கொம்பனித்தெரு, அம்பாந்தோட்டை போன்ற இடங்களில் அமைந்தன, வாவிக்கரையில் அல்ல. ஜாவாவின் அரென் பனைச் சர்க்கரைக்கு ஈடான சரக்கு இலங்கை மலைகளில் கிடைத்ததும், அதைக் கரைக்குச் சேர்க்கும் வழிகள் முஸ்லிம் வணிகர் கையில் இருந்ததும் இல்லையென்றால், ஸ்ரீகாயா மலாய்க் குடும்பங்களின் தனிப்பண்டமாகவே தங்கியிருக்கும். செய்முறை ஒரு தலைமுறையில் கைமாறிவிடும். சரக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. மட்டக்களப்புக்கு இரயில் வந்தது 1928இல். கருப்பட்டி பெருவாரியாக வந்தது அதற்குப் பின்னரே, ஆகவே வட்டிலப்பமும் பொதுப் பண்டமானது அண்மையில்தான் என்று வாதிடலாம். எல்லா வீடுகளுக்கும் பரவியது பிற்காலத்தில் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரயில் சரக்கை மலிவாக்கியது. சுவையை அது படைக்கவில்லை. கீழ்மாகாணத்திலேயே பனங்கட்டி கிடைத்திருக்க, தொலைவிலிருந்து வரும் கித்துளுக்காகக் காத்திருந்தார்கள் என்றால் நாக்கு முன்பே பழகியிருந்தது என்றே பொருள். பதநீர் புளிக்காதிருக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதால் பனங்கட்டிக்கு ஒரு கார்ப்பு உண்டு. கொழுக்கட்டைக்குள் அது மறைந்துவிடும், மென்மையான முட்டைப்பாலில் மறையாது.

கரும்பும் இந்த வட்டாரத்துக்கு வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1960களில் ஹிங்குராணையில் சீனி ஆலை எழுந்தது. வாவிக்குத் தெற்கே, எட்டிவிடும் தொலைவில் மொலாசஸ் ஓடியது. ஆனால் அது வடிசாலைக்குப் போயிற்று, அடுப்படிக்கு வரவில்லை. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிக் கோதுமை மா தாராளமான பின்னும் வட்டிலப்பம் பையைப்போல மாவுறை அணியவில்லை. பாணுக்குப் போறணை இருந்த ஊர்களிலும் இது ஆவியிலேயே வெந்தது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. முட்டைப்பால் மெல்லிய சூட்டில் இறுக வேண்டும். சூடு மிஞ்சினால் துளைவிட்டு நீர் கக்கும். மின்சார அவன் வைத்திருக்கும் இன்றைய வீடுகளிலும் தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாத்திரத்தை இறக்குவது இதனால்தான். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, நன்கு ஆறவிட்டு, நுரை எழாமல் அடித்த முட்டையோடும் முதற்பாலோடும் கலந்து, ஏலமும் சாதிக்காயும் தூவி, மேலே கஜு பரப்பும் முறை அடுப்பு மாறியபோதும் மாறவில்லை.

மாறிவருவது கட்டிதான். கித்துள் என்ற பெயரில் இப்போது விற்கப்படும் கருப்பட்டியில் வெள்ளைச் சீனி கலப்பது பெருகிவிட்டது. மொலாசஸாக நுழைய முடியாத கரும்பு, அதன் கருமையெல்லாம் நீக்கப்பட்ட வடிவில் கருப்பட்டிக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. அப்படிச் செய்த வட்டிலப்பம் வெளிறி இறுகுகிறது. இனிப்பு மட்டும் நிற்க, புகைமணம் போய்விடுகிறது. கித்துள் பாளை சீவுவோர் மலையில் குறைந்துவரும் நிலையில், கிழக்கின் உணவு வரலாற்றை எழுத விரும்புவோர் காத்தான்குடிச் சமையற்குறிப்புகளைத் திரட்டுவதோடு பதுளை, பிபிலைப் பக்கத்துக் கருப்பட்டிக் கொள்முதலையும் சேர்த்தே ஆராய வேண்டும்.