கடலுக்கு அடியில் ஒரு இன்டர்காம்



சென்னையில் வேலை பார்க்கும் நம் சிவகிரிப் பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது சொல்வார்கள்: "சார், சிங்கப்பூர் ஆபீஸுக்கு நாலைந்து எண் அழுத்தினால் போதும். பக்கத்து அறையில் பேசுகிற மாதிரிதான்." இந்த வசதி வந்த கதையை இன்று எழுதலாம் என்று நினைத்தேன். பதிவு சற்று நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

வெளிநாட்டில் கிளை வைத்துத் தொழில் நடத்துவது தமிழருக்குப் புதிது அல்ல. நகரத்தார் பெருமக்கள் செட்டிநாட்டில் வீட்டை வைத்துக்கொண்டு ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். ஏஜெண்டாகப் போகிறவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அங்கேயே இருப்பார். கணக்கு விவரமெல்லாம் கப்பலில் கடிதமாக வரும். அவசரம் என்றால் தந்தி. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது 1870-71இல். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. அதனால் நாலு சொல்லில் முடிக்கப் பார்ப்பார்கள்.

பேச்சு கடல் தாண்டப் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1933இல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் வானொலி அலை வழியாகத் தொலைபேசித் தொடர்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் புனே அருகே ஆர்வியில் செயற்கைக்கோள் நிலையம் அமைந்தது. ஆபரேட்டர் இல்லாமல் நாமே சுழற்றிப் பேசும் ஐ.எஸ்.டி. 1976இல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கியது. 1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் கடலடித் தொலைபேசிக் கம்பி வந்தது. பழைய தந்தி போன அதே திசைதான்.

இவையெல்லாம் பொதுத் தொலைபேசி. அலுவலகங்களின் இன்டர்காமை எப்படி இணைத்தார்கள்?

ஒரு அலுவலகத்துக்குள் நூறு மேசை இருந்தால் நூறு வெளி இணைப்பு வாங்க மாட்டார்கள். உள்ளே ஒரு சிறிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருக்கும். அதற்கு பி.பி.எக்ஸ். என்று பெயர். மேசைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எண். சென்னைப் பெட்டியையும் சிங்கப்பூர்ப் பெட்டியையும் மாத வாடகைக்கு எடுத்த தனிக் கம்பியால் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். உதாரணத்துக்கு, 8இல் தொடங்கும் எண் சிங்கப்பூருக்கு என்று பெட்டிக்குச் சொல்லி வைப்பார்கள். யாராவது 8 அழுத்தினால் பெட்டி அந்த அழைப்பைத் தனிக் கம்பியில் தள்ளிவிடும். நிமிடக் கணக்கு கிடையாது. எவ்வளவு பேசினாலும் அதே வாடகை.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். ஒரு பேச்சுக்கு இவ்வளவு இடம் வேண்டும். பின்னாளில் இதையே 8,000 பிட்டாகச் சுருக்கும் முறை வந்தது. ஒருவர் பேசிய இடத்தில் எட்டுப் பேர் பேசலாம் என்று கணக்கு ஆயிற்று. வாடகைச் செலவு சட்டென்று இறங்கியது.

செயற்கைக்கோளுக்கும் கம்பிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. குரல் ஏறி இறங்கவே கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ2ஐ என்னும் ஒளியிழைக் கம்பி ஏறக்குறைய 3,200 கி.மீ. நீளம். அதில் குரல் போய்ச் சேர நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. 1871, 1981, 2002 எனப் பல முறை ஒரே கடலில் கம்பி இறங்கியிருக்கிறது.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது, வெளிநாட்டு அலுவலகத்தோடு இணைக்கத் தனிச் செயற்கைக்கோள் தொடர்பு வேண்டியிருந்தது. அதற்கான கருவியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது பலர் அறிந்த செய்தி. 2001இல் உலக வங்கியே வாஷிங்டனின் கணக்கு வேலைகளுக்குச் சென்னையில் அலுவலகம் திறந்தது. வேலை நம் ஊரைத் தேடி வர இந்தத் தனிக் கம்பிகளும் ஒரு காரணம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கம்பி வந்த வேகத்தில் அனுமதி வரவில்லை.

வெளிநாட்டு அழைப்பு 2002 மார்ச் வரை வி.எஸ்.என்.எல். ஒன்றின் உரிமையாக இருந்தது. அந்த ஏகபோகம் போன பிறகும், வெளிநாட்டிலிருந்து தனிக் கம்பியில் வரும் குரலை இங்குள்ள பொதுத் தொலைபேசியோடு இணைக்கத் தடை நீடித்தது. அரசுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் வர வேண்டிய கட்டணம் போய்விடும், கண்காணிக்கவும் முடியாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கால் சென்டர் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் பிணைத்தொகை கட்ட வேண்டும், தனி அனுமதி வாங்க வேண்டும். வேலை சென்னையை விட்டு நகரவில்லை. நம் பிள்ளைகள்தான் ஊரை விட்டு நகர்ந்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் இந்த விதிகள் தற்காலிகமாகத் தளர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நிரந்தரமாகவே மாற்றினார்கள். 2021 ஜூனில், நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் பெட்டி உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்று அரசு அறிவித்தது. பொதுக் கட்டணத்தை ஏய்க்கும் இணைப்புக்கு மட்டும் இன்றும் தடை உண்டு.

அதற்கு முன்பே நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் அமைத்து உலகத்துக்கு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது. கிராமத்தில் உட்கார்ந்து வெளிநாட்டு வேலை பார்க்கலாம் என்பதற்குத் தூரத்து உதாரணம் நமக்குத் தேவையில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சிவகிரியில் இருந்தபடி வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன் என்றால், "வீட்டில் சும்மா இருக்கிறான்" என்று சொல்லாதீர்கள். அவன் மேசையில் ஒலிக்கும் அந்த மணிக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படி ஊரிலிருந்தே வேலை பார்த்தால் கீழே எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கும் தைரியம் வரும்.