ஆசிரியர் கல்லூரியில் பிறந்த பல்கலைக்கழகம்



பத்து காவானில் அண்மையில் பெற்றோர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தந்தையார் எழுந்து, "ஐயா, யு.எஸ்.எம். என்கிறார்களே, அங்கெல்லாம் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட தொனி என் மனத்தைத் தைத்தது. ஏதோ கடல் கடந்த தேசத்தில் இருக்கும் அரண்மனையைப் பற்றி விசாரிப்பது போல அவர் விசாரித்தார். உண்மையில் அது நம் மாநிலத்திலேயே இருக்கிறது; இரண்டாம் பாலத்தைக் கடந்தால் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவருக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். சொல்ல விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (நாம் வழக்கமாக யு.எஸ்.எம். என்று சொல்வது) 1969 ஜூன் 1ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு அடுத்தபடியாக நாட்டில் எழுந்த இரண்டாவது பல்கலைக்கழகம் இதுவே. அதன் தொடக்கப் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். பினாங்கிற்கென ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்ற தீர்மானத்தை மாநிலச் சட்டமன்றம் 1962இலேயே நிறைவேற்றியிருந்தது. சுங்கை ஆராவில் இடம் பார்த்து, 1967இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல்லும் நாட்டினார். ஆனால், அடிக்கல் நாட்டிய இடத்தில் பல்கலைக்கழகம் எழவில்லை!

அது பிறந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். மே 13 கலவரம் நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நாடு அவசர காலத்தில் இருந்தது, நாடாளுமன்றம் முடக்கப்பட்டிருந்தது. பினாங்கோ தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்துகொண்டிருந்தது. ஜோர்ஜ்டவுனில் வேலையில்லாத இளைஞர் கூட்டம் பெருகியிருந்தது. அப்படிப்பட்ட வேளையில்தான் 57 அறிவியல் மாணவர்களோடு இப்பல்கலைக்கழகம் வகுப்பைத் தொடங்கியது.

எங்கே தொடங்கியது என்பதுதான் ஆசிரியர்களாகிய நமக்கு இனிக்கும் செய்தி. சொந்தக் கட்டடம் இல்லாத நிலையில், குளுகோரில் இருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிதான் அதற்கு இடம் கொடுத்தது. ஆசிரியர்கள் பயின்ற வகுப்பறையில் இரவல் இடம் வாங்கிக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் தவழக் கற்றுக்கொண்டது. இதை நான் எந்த ஆசிரியர் கூட்டத்தில் சொன்னாலும் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு பெருமிதம் தோன்றுவதைப் பார்க்கிறேன்.

1971இல் பிரிட்டிஷ் படைகள் காலிசெய்துவிட்டுப் போன மிண்டன் படைமுகாம் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தது. 'மிண்டன்' நம் நாட்டுப் பெயர் அன்று. 1759இல் ஜெர்மனி நாட்டில் நடந்த ஒரு போர்க்களத்தின் பெயர். சிப்பாய்கள் அணிவகுத்த திடல்களும் தங்கிய கட்டடங்களும் விரிவுரைக்கூடங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறின. இன்றும் அவ்வளாகத்து மேட்டுச் சாலைகளில் நடந்தால் பெருமரங்களுக்கிடையே அந்தப் பழைய கட்டடங்களைக் காணலாம்.

முதல் துணைவேந்தர் டான்ஸ்ரீ ஹம்சா செண்டுட். அவர் காலத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு குறிப்பிடத்தக்கது. மற்ற பல்கலைக்கழகங்களில் இருப்பது போன்ற புலங்களை அமைக்காமல், துறைகளுக்கிடையே சுவர் எழுப்பாத 'கல்விமையங்கள்' என்ற முறையை அவர்கள் மேற்கொண்டார்கள். அறிவியல் படிப்பவர் சமூகவியல் பாடத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நாட்டின் முதல் மருந்தியல் கல்விமையம் இங்குதான் 1972இல் தொடங்கியது. அதனை வளர்த்தெடுத்த டான்ஸ்ரீ மூசா முகமட் பின்னர் துணைவேந்தராகி, 1999இல் கல்வியமைச்சரும் ஆனார்.

பொறியியல் பிரிவின் கதை ஒரு நாடோடியின் கதை. 1970களில் பினாங்கில் முளைவிட்ட அப்பிரிவு 1986இல் பேராக்கிற்குப் பெயர்ந்தது. முதலில் ஈப்போ, பின்னர் துரோனோ. அந்தத் துரோனோ வளாகத்தில்தான் 1997இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவர்கள் 2001இல் மீண்டும் பினாங்கிற்கே திரும்பி, நிபோங் திபால் டிரான்ஸ்கிரியானில் குடியேறினார்கள். அதாவது, நம் தெற்கு செபராங் பிறை மாவட்டத்திற்கே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்துவிட்டது. மருத்துவப் பிரிவு மட்டும் கிளந்தான் குபாங் கிரியானில், தனக்கென ஒரு பெரிய மருத்துவமனையோடு நிலைபெற்றிருக்கிறது. முக்கா ஹெட் கடற்கரையில் கடல்சார் ஆய்வு நிலையம் ஒன்றும் உண்டு.

அரசாங்கம் நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் என அறிவித்தபோது யு.எஸ்.எம். அவற்றுள் ஒன்று. 2008இல் 'ஏபெக்ஸ்' என்னும் சிறப்புத் தகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பல்கலைக்கழகமும் இதுவே. தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி நான் இங்கு எழுதப்போவதில்லை. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்க அவை போதா என்பது என் கருத்து.

எனக்கு இப்பல்கலைக்கழகத்தின்மேல் உள்ள பற்றுக்குக் காரணம் வேறு. 1971லேயே, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கும் தொலைதூரக் கல்வித் திட்டத்தை நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியவர்கள் இவர்கள். அதில் பயின்றவர்களில் ஆசிரியர்கள் ஏராளம். ஆறாம் படிவம் முடித்து, பயிற்சிக் கல்லூரிக்குப் போய், குடும்பச் சுமையால் பட்டப் படிப்பை மறந்துவிட்ட ஒரு தலைமுறைக்கு அது திறந்த கதவாயிற்று. அடியேனும் அக்கதவு வழியே நுழைந்தவன்தான்.

என் தந்தையார் பால்மரம் சீவியவர். நான் பயிற்சி ஆசிரியராகி முதல் சம்பளம் வாங்கியபோதே அவருக்கு எல்லாம் நிறைவேறிவிட்டது. பட்டப் படிப்பு என்றதும், "இனியும் என்னப்பா படிப்பு?" என்றுதான் கேட்டார். அஞ்சலில் பாடநூல் கட்டு வரும். அத்தனையும் மலாய்மொழியில் இருக்கும். பகலில் நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பேன். இரவில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு நானே முதலாம் ஆண்டு மாணவனாவேன். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் மூன்று வாரத் தீவிர வகுப்பிற்காக மிண்டன் போக வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் நாளில் நான் பையைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த் படகுத்துறையில் நிற்பேன். என் மனைவியார் அந்த ஆண்டுகளில் ஒரு சொல் முணுமுணுத்ததில்லை. மாணவர் விடுதியில் என்னோடு தங்கியவர்களில் திரங்கானு மீனவர் ஊரிலிருந்து வந்த மலாய் ஆசிரியரும், சித்தியவானிலிருந்து வந்த சீன ஆசிரியரும் இருந்தார்கள். மூவரும் தத்தம் பள்ளியின் கூரை ஒழுகுவதைப் பற்றியே அதிகம் பேசினோம்!

பட்டமளிப்பு விழாவிற்குத் தந்தையார் வந்திருந்தார். மேலங்கி அணிந்த என்னை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கப்பலில் வரத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கரும்பு போய் இரப்பர் வந்தது, செம்பனை வந்தது. 2014இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் பத்து காவானில் கால் ஊன்றிய பின் தோட்டங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கே பாதுகாவலர் உடையிலும் சீருடையிலும் நம் பிள்ளைகளைக் காண்கிறேன். உழைப்பில் இழிவில்லை. ஆயினும் அதே தொழிற்சாலையில் பொறியியலாளராக அமர்வதற்கான படிப்பு நம் மாவட்டத்திலேயே கற்பிக்கப்படும்போது, அதை நம் வீடுகளில் யாரும் பேசாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

பெற்றோர்களே, சேர்க்கை முறையில் மாயம் ஒன்றுமில்லை. எஸ்.பி.எம். முடித்து, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் படித்துத் தேறியவர், யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளியில் படித்தது ஒரு தடையே அன்று. தடை பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில்தான் ஏற்படுகிறது. மலாய்மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கும் பிள்ளையை மூன்றாம் படிவம் வரை நாம் கவனிக்காமல் விடுவதால் ஏற்படுகிறது.

அன்று கேள்வி கேட்ட தந்தையார், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "டிரான்ஸ்கிரியான் இங்கிருந்து எவ்வளவு நேரம் ஐயா?" என்றார். மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகலாம் என்றேன். "அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு, மகளின் தேர்ச்சி அறிக்கையின் பின்புறத்தில் அந்தப் பெயரை எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.